நான்காவது விளக்கில் நிறுத்திய பேட்டரி

ஒரு வீட்டில் எத்தனை பேர் ஜாக்கிரதையாக இருக்கலாம்? ஒருவர் இருந்தால் போதுமா, இருவர் இருந்தால் இன்னும் நல்லதா, மூன்று பேரும் இருந்தால் அதுவே ஆபத்தா? என் வண்டியின் பேட்டரி படுத்து எழுந்து சில மாதங்கள் ஆகிவிட்டன. இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், எட்டு வீடுகள் உள்ள ஒரு சிறிய அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறது. நான், கணவர், மாமியார், நான்கு வயது மகள். கணவருக்கு மணப்பாறையில் வேலை. காலையில் நான் குக்கரை இறக்கும் நேரத்தில் அவர் ரயில் ஏறியிருப்பார். நான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், திருச்சியில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மகள் வயிற்றில் இருந்தபோது விட்ட வேலை அது. அவளுக்கு மூன்று வயது முடிந்ததும், அதே பள்ளியின் மழலையர் வகுப்பில் அவளையும் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நானும் திரும்பச் சேர்ந்தேன். மின்சார வண்டி வாங்கியது அப்போதுதான்.

மகளுக்கு பஸ் ஆகாது. ஏறி இரண்டாவது நிறுத்தத்துக்குள் வாந்தி எடுத்துவிடுவாள். பள்ளி வேன் ஏழு மணிக்கே வரும், அதில் ஆசிரியைக்கு இடம் கிடையாது. ஆகவே வேலைக்குப் போக வேண்டுமென்றால் எங்களுக்கு இந்த வண்டிதான். மகளை என் முதுகோடு பெல்ட் போட்டுக் கட்டிக்கொண்டு, காவிரிப் பாலத்தைத் தாண்டி, இருபத்தைந்து நிமிடத்தில் பள்ளி வாசலில் நிற்போம். வண்டி வாங்கும் முன் நான் பயந்ததெல்லாம் கீழே விழுந்துவிடுவோமோ என்று. வாங்கிய பிறகு தெரிந்தது, ஓட்டும்போது பயப்பட நேரமே இல்லை. வண்டி நிற்கும்போதுதான் எல்லாப் பயமும் வரும்.

அதாவது, சார்ஜ் போடும்போது.

அந்த வண்டியின் பேட்டரியைத் தனியாகக் கழற்றி எடுக்கலாம். கைப்பிடி வைத்த கறுப்புப் பெட்டி, ஏறத்தாழ எட்டுக் கிலோ. மாலையில் ஒரு கையில் அதையும் மறு கையில் மகளையும் பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறுவேன். பெட்டியின் தலையில் ஐந்து சிறிய விளக்குகள் உண்டு. பொத்தானை அமுக்கினால் சார்ஜ் இருக்கும் அளவுக்கு ஏற்ப ஒன்றோ இரண்டோ எரியும். ஐந்தும் எரிந்தால் முழு வயிறு.

சார்ஜ் போட்ட இடத்திலேயே தீப்பிடித்த பேட்டரிகளைப் பற்றி நான் படித்திருந்தேன். ஒரு தடவை படித்தால் போதும், கைப்பேசி அப்புறம் தினமும் நான்கு காட்டும். இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்குள் சில விதிகள் உருவாயின. பால்கனியில் மட்டுமே சார்ஜ். துணிக் கொடியை அன்று அவிழ்த்துவிட வேண்டும். பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். முழுக்க ஏற்றக் கூடாது.

கடைசி விதி எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வண்டி விற்றவர் முழுக்க ஏற்றலாம் என்றுதான் சொன்னார். என் கணவர் கைப்பேசிக்கே அப்படி ஏற்றக் கூடாது என்று எங்கோ கேட்டவர். "தொண்ணூறு போறும். அதுக்கு மேல போனா ஆயுசு குறையும்," என்றார். அவர் தொண்ணூறு என்றால் எனக்கு மனதுக்குள் எண்பது. நான்கு விளக்கு. அதை மாமியாரிடம் சொல்லிவைத்தேன். ஏனென்றால் மாலை ஐந்தரைக்கு நான் அடுப்பங்கரையிலோ விடைத்தாள்களோடோ இருப்பேன், பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து திருப்பாவையோ வேறொன்றோ சேவித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். பேட்டரிக்குக் காவலும் அவரே.

"நாலு விளக்கு எரிஞ்சா பிடுங்கிடுங்கோம்மா."

"எனக்குத் தெரியாதா? பாலைக் காய்ச்சத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா?"

ஒரு வருடத்துக்கு மேல் வண்டி நன்றாகவே ஓடியது. அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம், காவிரிப் பாலத்தின் நடுவில் திடீரென்று நின்றது. இருமவில்லை, திணறவில்லை. சுவிட்சை அணைத்தது போல நின்றது. முகப்பில் பாதிக்குப் பாதி சார்ஜ் காட்டிக்கொண்டிருந்தது. சாவியைத் திருப்பி ஐந்து நிமிடம் விட்டுப் போட்டால் நூறு அடி ஓடும், மறுபடி நிற்கும்.

"அம்மா, வண்டிக்குப் பசிக்கறதா?" என்றாள் முதுகிலிருந்து மகள்.

"இல்லடா, பாதி வயிறு இருக்கு."

"அப்போ பாதி வயிறு காலியாவும் இருக்கே?"

அவளை இறக்கி, வண்டியைத் தள்ளினேன். அவளும் சாப்பாட்டுப் பையை மாட்டிக்கொண்டு பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளினாள். ஓரமாக ஆட்டோவை நிறுத்திய ஒருவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார்.

"பேட்டரி வண்டிங்களா? வெயில்ல கொஞ்ச நேரம் காய வெச்சீங்கன்னா சரியாயிடும்."

"அது சோலார் இல்லீங்க."

"அப்படிங்களா? வடாம் மாதிரின்னு நெனச்சேன்," என்று சிரித்துவிட்டு, பாலம் முடியும்வரை தள்ளிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று முதல் பாட வேளை போயிற்று. அந்த வாரமே இன்னொரு தடவை நின்றது. நான் அதற்கு ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தேன்: அளவுக்கு மேல் ஏற்றி ஏற்றிக் கெடுத்துவிட்டோம். ஆகவே மாமியாரிடம், "இனிமே மூணரை விளக்கோட நிறுத்திடலாம்மா," என்றேன். அரை விளக்கு எப்படி எரியும் என்று அவர் கேட்கவில்லை. சரியென்று தலையாட்டினார். எங்கள் வீட்டில் ஜாக்கிரதைக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. அதற்கடுத்த வாரம் மூன்றாவது தடவை நின்றது.

தலைமையாசிரியை என்னை அறைக்கு அழைத்தார். கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "பாலத்துல நின்னா நீங்க என்ன பண்ணுவீங்க, புரியுது. ஆனா முதல் பீரியட் பசங்க சும்மா உக்காந்திருக்காங்களே. இந்த மாசத்துக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லேன்னா பாப்பா ஒண்ணாவது போற வரைக்கும் வீட்டுல இருந்துட்டு அப்புறம் வாங்க, நான் எடுத்துக்கறேன்."

அன்புடன்தான் சொன்னார். ஆனால் மூன்று வருடம் வீட்டிலிருந்துவிட்டு அந்த வேலைக்குத் திரும்பி வர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். இன்னொரு தடவை விட்டால் திரும்ப மாட்டேன் என்பதும் தெரியும். கணவர், "வண்டிய வித்துடலாம். நீ கொஞ்ச நாள் ஆத்துல இரேன், உனக்கும் ரெஸ்ட்," என்றார். ரெஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் பயந்துபோய்க் காபி போட்டுக் கொடுத்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு. நாங்கள் இருவரும் அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்தோம்.

வண்டி விற்ற கடையில் பேட்டரியைப் பார்க்கவே இல்லை. வாரண்டி முடிந்துவிட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அது இப்போது எங்களால் ஆகாது. பள்ளியில் உடன் வேலை பார்க்கும் ஆசிரியை ஒருவர்தான் உறையூரில் ஒரு சந்துக் கடையைச் சொன்னார். அங்கே பேட்டரிகளைத் திறந்து சரி செய்யும் ஒரு பெண் இருக்கிறாராம்.

சனிக்கிழமை காலை கணவர் பெட்டியைத் தூக்கிக்கொள்ள, மகளோடு மூவரும் போனோம். கடைக்காரர் முசிறிப் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். டிப்ளமோ படித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் வேலை செய்து, பிறகு சொந்தமாகத் தொடங்கியவர். பச்சை நிறக் கையுறையும் தூக்கிக் கட்டிய கொண்டையுமாக மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க. பாப்பா, நீ அந்த ஸ்டூல்ல உக்காரு. எதையும் தொடக் கூடாது. கேள்வி மட்டும் கேக்கலாம்."

"இது என்ன?" என்றாள் மகள்.

"பேட்டரி."

"இது?"

"இதுவும் பேட்டரி."

"அது?"

"அது என் டிபன் பாக்ஸ்."

திருகாணிகளைக் கழற்றி மூடியை எடுத்தார். உள்ளே ஒரு பெரிய சங்கதி இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்லைவிடச் சற்றுப் பருத்த செல்கள் வரிசை வரிசையாக நின்றன. பதிமூன்று வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் மயிரிழை போன்ற ஒரு சிவப்பு வயர் கிளம்பி ஒரு பச்சை அட்டையில் போய்ச் சேர்ந்தது.

"மேடம் என்ன பண்றீங்க?"

"டீச்சர். சயின்ஸ்."

"ஓ! செல் எல்லாம் தொடர் இணைப்புல இருக்கறது பத்தி நடத்துவீங்கல்ல?"

"நடத்துவேன்."

"போர்டுல வரையும்போது எல்லா செல்லையும் ஒரே அளவா வரைவீங்க."

"ஆமா."

"அங்கதான் தப்பு ஆரம்பிக்குது, டீச்சர்," என்று சொல்லிவிட்டு, மீட்டரின் இரண்டு முனைகளையும் முதல் வரிசையில் வைத்தார். "மூணு தொண்ணூத்தி ரெண்டு." இரண்டாவதில் வைத்தார். "மூணு தொண்ணூத்தி ஒண்ணு." அவர் சொல்லச் சொல்ல மகளும் கூடவே ஒப்பித்தாள். ஆறு வரிசை வரை ஒரு புள்ளி முன்னே பின்னே அதே கதைதான். ஏழாவதில் மீட்டர் மூன்று அறுபது காட்டியது. மகள் பழக்கதோஷத்தில் தொண்ணூற்றி இரண்டு என்றாள். "இல்ல பாப்பா, இவங்க ஒருத்தங்க மட்டும் பட்டினி," என்றார் அந்தப் பெண். எட்டிலிருந்து பதிமூன்று வரை மறுபடி தொண்ணூறுக்கு மேல்.

பிறகு அவர் விளக்கினார். பதிமூன்று வரிசைக்கும் சார்ஜ் ஒன்றாகத்தான் ஏறும், ஒன்றாகத்தான் இறங்கும். ஒரு வரிசை மட்டும் காலியாகிவிட்டால், மற்றவற்றில் எவ்வளவு இருந்தாலும் அந்தப் பச்சை அட்டை மொத்தத்தையும் நிறுத்திவிடும். நிறுத்தாவிட்டால் அந்த வரிசை செத்துவிடும். முகப்புக் காட்டும் பாதி சார்ஜ், மற்ற பன்னிரண்டும் சேர்ந்து சொல்லும் பாதி.

"சரி, ஏழாவது மட்டும் ஏன் இப்படி?" என்று கணவர் கேட்டார்.

"எல்லாம் பொறக்கும்போதே கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசமாதான் சார் இருக்கும். இந்தப் பச்சை போர்டு அதைச் சரி பண்ணிட்டே வரும். முழுசா ஏறின பிறகு, முந்திக்கிட்டவங்ககிட்டருந்து சொட்டுச் சொட்டா வடிச்சு, பின்தங்கினவங்க வந்து சேர்ற வரைக்கும் காத்திருக்கும். ஆனா ஒண்ணு, இந்த வேலைய அது அஞ்சு விளக்கும் எரியற நேரத்துலதான் ஆரம்பிக்கும். நீங்க எத்தனை விளக்குல பிடுங்குவீங்க?"

"நாலு," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "ரெண்டு வாரமா மூணரை."

"மாசத்துக்கு ஒரு தடவையாவது முழுசா விட்டீங்களா?"

"ஒரு நாள்கூட விட்டதில்லை."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "டீச்சர், பேட்டரிக்கு எக்ஸாம் பேப்பரே குடுக்காம ஒரு வருஷம் வகுப்பு எடுத்திருக்கீங்க. எது படிச்சிருக்கு, எது படிக்கலன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றார். கணவர் சிரித்துவிட்டு, நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"ஆனா நாலு விளக்குல நிறுத்தினா இவ்ளோ மோசமா ஆகாதே," என்று மறுபடி பேட்டரியைப் பார்த்து யோசித்தார். "பிடுங்கறது யாரு? நீங்களா?"

வீட்டுக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"அம்மா, பேட்டரிய எப்போ பிடுங்குவேள்?"

"ஏன்டிம்மா, தீப்பிடிச்சுடுத்தா?"

"இல்லம்மா. எத்தனை விளக்குல பிடுங்குவேள்?"

"நீ நாலுன்னு சொன்னே. நாலாவது கண்ணச் சிமிட்ட ஆரம்பிச்சதுமே பிடுங்கிடுவேன். முழுசா எரியற வரைக்கும் எதுக்கு வம்பு? சில நாள் எழுந்து போக வேண்டியிருந்தா மூணுலயே பிடுங்கிட்டுப் போயிடுவேன். ஆள் இல்லாம விடக் கூடாதுன்னு நீதானே சொன்னே?"

"எங்கிட்ட சொல்லலையேம்மா."

"ஜாக்கிரதையா இருக்கறத எல்லாம் சொல்லிண்டா இருப்பா?"

கடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தோம். மகள் எதற்கென்று தெரியாமலே எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். எனக்கு எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரம் ஞாபகத்துக்கு வந்தது. மாமியார் அதைப் பத்து நிமிடம் முன்னால் வைத்திருப்பார். அது தெரியாமல் கணவர் ஐந்து நிமிடம் கூட்டிவைப்பார். பிறகு நான். கணவர் மணப்பாறை ரயிலுக்கு அரை மணி முன்னால் போய் நடைமேடையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பது இப்படித்தான். கடை முழுசு என்றது, கணவர் தொண்ணூறு என்றார், நான் எண்பது என்றேன், மாமியார் அறுபதோ எழுபதோ ஆக்கினார். ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் கொஞ்சம் பத்திரப்படுத்தினோம். ஏழாவது வரிசை அந்தப் பத்திரத்திலேயே மெலிந்துபோய்விட்டது.

"இப்போ என்ன பண்றது?" என்று கேட்டேன்.

"ஏழாவதுக்கு மட்டும் தனியாச் சின்ன சார்ஜர் போட்டு, மெதுவா மத்தவங்க அளவுக்குக் கொண்டுவரேன். இவ்ளோ வித்தியாசத்த போர்டு தானா சரி பண்ணணும்னா மாசக் கணக்காகும். அப்புறம் மூணு நாள் சும்மா வெச்சுப் பாப்பேன். ஏத்தினது அப்படியே நின்னா நல்ல செல், பட்டினிதான் காரணம். தானா இறங்கினா உள்ள சீக்கு. அப்படி இருந்தா மறுபடி வண்டியில போட நான் விட மாட்டேன்."

"நிக்குமா?"

"செவ்வாக்கிழமை சொல்றேன் டீச்சர். ஜோசியம் எனக்கு வராது."

அன்று மாலை வீட்டில் விஷயத்தை விளக்கினேன். மாமியார் முகம் வாடிவிட்டது. ஒரு வருடம் கண் கொட்டாமல் காத்தவர் அவர். தொடர் இணைப்பு, வோல்ட் என்று நான் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தோளுக்கினியான்ல பெருமாள் புறப்பாடு ஆறச்சே பாத்திருக்கியோன்னோ? தாங்கறவாள்ல ஒருத்தர் தோள் தாழ்ந்துட்டா பல்லக்கே சாஞ்சுடும். அதான் உசரமா இருக்கறவா கொஞ்சம் குனிஞ்சு கொடுத்துண்டு போவா. அவா நின்னு சமம் பண்ணிக்க நேரம் கொடுக்கணும். அதுதானே?"

அதுதான். எட்டாம் வகுப்புக்கு இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. சொல்லியும் பார்த்தேன், மறு வாரமே புரிந்துகொண்டார்கள்.

திங்கள் காலை பஸ்ஸில் போனோம். மகள் சத்திரம் பேருந்து நிலையம் வரை கண்ணை மூடிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் வரலை, எனக்கு ஒண்ணும் வரலை," என்று சொல்லிக்கொண்டே வந்து, இறங்கியதும் என் புடவையில் எடுத்தாள். பள்ளியில் மாற்றுப் புடவை வைத்திருந்தேன். முன்ஜாக்கிரதை எப்போதும் கெடுதல் இல்லை என்று அந்த ஒரு நாள் நினைத்துக்கொண்டேன். செவ்வாயும் அப்படியே.

செவ்வாய் மதியம் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது போன் வந்தது.

"இறங்கல, டீச்சர்."

டப்பாவை மூடிவிட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனேன்.

"கேக்குதா? ஏழாவது அப்படியே நிக்குது. ரெண்டு புள்ளி இறங்கிருக்கு, மத்ததும் அவ்ளோதான் இறங்கிருக்கு. நல்ல செல்லுதான். பாவம், நீங்க பயந்தீங்களேன்னு உடனே போட்டேன். இன்னும் வேலை முடியல, கேட்டுக்கங்க. ஞாயித்துக்கிழமை நீங்க முழுசா ஏத்தணும். அஞ்சு விளக்கும் எரிஞ்சு, சார்ஜர்ல சிவப்பு போயி பச்சை வந்ததுக்கு அப்புறமும் ரெண்டு மூணு மணி நேரம் பிடுங்காம விடணும். அப்பதான் மிச்சம் இருக்கற வித்தியாசத்த போர்டு வடிக்கும். அதுக்கப்புறம் தினமும் உங்க நாலு விளக்கே போதும், அது நல்லதுதான். மாசத்துக்கு ஒரு தடவை மட்டும் இப்படி விடுங்க."

"பச்சை வந்தப்புறமுமா?"

"வந்தப்புறமும். ஓட்டிட்டு வந்த சூட்டோட போடாதீங்க. வண்டியோட வந்த சார்ஜரே போடுங்க. துணி, பேப்பர் பக்கத்துல வேணாம். தூங்கும்போது வேணாம். மத்தபடி பக்கத்துல உக்காந்து கதை பேசுங்க."

சனிக்கிழமை போய்ப் பெட்டியை வாங்கிவந்தோம். வீட்டுக்குள் அவ்வளவு நேரம் விட எனக்கு மனம் வரவில்லை. அடுக்ககத்தின் செயலாளர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டு, கீழே வண்டி நிறுத்துமிடத்தில் மோட்டார் அறை வாசலில் இருக்கும் பிளக் பாயிண்டுக்கு அனுமதி வாங்கினேன். ஞாயிறு காலை சிமெண்ட் தரையைக் கூட்டி, பெட்டியை வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலும் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளும் போட்டேன். ஒன்றில் நான், ஒன்றில் மாமியார். கணவர் நின்றார். மகள் எங்களைச் சுற்றிச் சாக்பீஸால் வட்டம் வரைந்து, யாரும் தாண்டக் கூடாது என்றாள்.

செயலாளர் பால் வாங்கிக்கொண்டு வந்தவர் நின்றார். "என்ன டீச்சர், ஹோமமா?"

"பேட்டரி சார்ஜ் ஆறது, மாமா."

"அதுக்குக் குடும்பமே உக்காரணுமா?"

"வேணும்னா நீங்களும் உக்காருங்கோ," என்றார் மாமியார். செயலாளர் உண்மையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதல் மாடிப் பெண்மணி கீரை ஆய்ந்துகொண்டே வந்தார். தரைத்தளத்துக்காரர் செய்தித்தாளோடு வந்தார், பேப்பர் பக்கத்தில் வேண்டாம் என்று மகள் அவரை வட்டத்துக்கு வெளியே நிறுத்தினாள். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று நான் சொன்னேன். தோளுக்கினியான் கதையை மாமியார் சொன்னார். என்னுடையதைவிட அவருடையதற்குக் கேள்விகள் அதிகம் வந்தன.

நான்காவது விளக்கு எரிந்தது. மாமியாரும் நானும் ஒரே நேரத்தில் எழுந்தோம். கணவர், "உக்காருங்கோ ரெண்டு பேரும்," என்றார். ஐந்தாவது சிமிட்ட ஆரம்பித்தது. ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தும் அந்த விளக்கு என்ன நிறம் என்றே எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. மற்றவற்றைப் போல அதுவும் நீலம்தான். பிறகு சார்ஜரில் சிவப்பு போய்ப் பச்சை வந்தது.

"வந்துடுத்துடிம்மா, போறும்," என்று மாமியார் கையை நீட்டினார். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவரைத் தடுக்க அல்ல. என் கை போய்விடாமல் இருக்கத்தான். பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பாகக்கூட இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி தொட்டேன். கணவர் நான் தொடும் தடவைகளை எண்ண ஆரம்பித்து, பதினேழில் விட்டுவிட்டார். இரண்டரை மணி நேரம் அப்படியே போயிற்று. அதற்குள் முதல் மாடிப் பெண்மணி கீரையை ஆய்ந்து, சமைத்து, எங்களுக்கும் ஒரு கிண்ணம் கொண்டுவந்தார்.

திங்கள் காலை முதல் மணிக்குப் பதினைந்து நிமிடம் முன்பே பள்ளியில் இருந்தேன். செவ்வாய் மாலை வரை சார்ஜ் போடாமலே ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது முறை பாலம் ஏறும்போது ஒவ்வொரு தூணாக எண்ணினேன். வீட்டுக்கு வந்து பொத்தானை அமுக்கினால் மூன்று விளக்கு எரிந்தது. அந்த வாரம் முழுவதும் ஒரு தடவைகூட நிற்கவில்லை. மாதக் கடைசியில் தலைமையாசிரியை என் பக்கம் வந்து, அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பும் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். எடுத்துக்கொண்டேன். உடனே, சரியாகத்தான் செய்தோமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

இதோடு கதை முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் பலனாக எங்கள் அடுக்ககத்தில் இன்னும் மூன்று வீடுகளில் மின்சார வண்டி வாங்கிவிட்டார்கள். எல்லோருக்கும் பொதுவாக ஒரு சார்ஜ் போடும் இடம் அமைக்க வேண்டும். "நீங்கதான் எக்ஸ்பர்ட், நீங்களே இடம் சொல்லுங்கோ," என்று செயலாளர் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார். வருகிற கூட்டத்தில் இடம் முடிவாகாவிட்டால், யாருமே இந்தக் கட்டடத்தில் சார்ஜ் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டுவிடலாம் என்று இரண்டு வீட்டார் சொல்கிறார்கள். அப்படிப் போட்டால் என் வண்டியும் நின்றுவிடும், வேலையும்.

பெரும்பாலோர் மாடிப்படிக்குக் கீழே வைக்கலாம் என்கிறார்கள். நிழல் இருக்கிறது, பிளக் இருக்கிறது, மழை படாது. ஆனால் ஏதாவது ஆனால் எட்டு வீட்டாரும் இறங்கி ஓட அந்த ஒரு படிதான் உண்டு. மோட்டார் அறை வாசல் திறந்த வெளி. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. ஐப்பசி மழையில் சாரல் அடிக்கும், நான்கு பெட்டிக்கு இடமும் நெருக்கடி. மொட்டை மாடியில் காற்று உண்டு, சித்திரை வெயிலும் உண்டு, எட்டுக் கிலோவைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். மாடிப்படி வேண்டாம் என்று நான் சொன்னதும், "டீச்சர் மறுபடி பயப்படறா," என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் பயத்தால் ஒரு பேட்டரி கெட்டது உண்மை. அதற்காக இந்தப் பயமும் தப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

ஆகவே, இதைப் படிக்கிறவர்களில் அடுக்ககத்தில் இருப்பவர்கள் யாராவது தயவுசெய்து எழுதுங்கள். உங்கள் கட்டடத்தில் சார்ஜ் போடும் இடத்தை எங்கே வைத்தீர்கள்? மழைக்கும் வெயிலுக்கும் மேலே என்ன போட்டீர்கள்? மாடிப்படியடி வேண்டாம் என்று மற்றவர்களை எப்படிச் சம்மதிக்கவைத்தீர்கள்? கூட்டத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது. செயலாளர் மூன்று வாரம் என்றார். நான் இரண்டு என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.